கோவில் மணியும் இணையதளமும்

சென்ற தவக்காலத்தில் ஓர் இரவு, மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். பங்கு இல்லத்தின் இரும்புக் கதவை யாரோ பலமாகத் தட்டும் ஓசை கேட்டு எழுந்து சென்றேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். வெளியூர்க்காரர். தம் தாயாரை நம் நகரின் மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருப்பதாகவும், அவர் மாலையிலிருந்தே குருவானவரைக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். திரு எண்ணெயையும் நற்கருணைச் சிமிழையும் எடுத்துக்கொண்டு அவருடைய வண்டியிலேயே புறப்பட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தாயார் உயிர் துறந்திருந்தார். மருத்துவர் இறப்பை உறுதி செய்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. நோயிற்பூசுதல் உயிரோடிருப்பவர்களுக்கான திருவருட்சாதனம். ஆகவே இறந்தோருக்கான செபத்தைச் சொல்லி, நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு எழுந்தேன். மகன் என்னோடு வாசல் வரை வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

“உங்க கோவில் இணையதளத்துல போட்டிருந்த நம்பருக்குத்தான் சாமி அடிச்சேன். மூணு தடவை அடிச்சேன். அப்புறம்தான் வழி விசாரிச்சு நேர்ல வந்தேன்.”

அந்த எண், எனக்கு முன் இருந்த பங்குத் தந்தையின் காலத்தில் பங்கு இல்லத்தில் இருந்த தொலைபேசியின் எண். அந்த இணைப்பைத் துண்டித்து இரண்டாண்டுகள் கடந்துவிட்டன. இணையதளத்தில் மட்டும் அது உயிரோடிருந்தது.

இறைவனின் இரக்கம் நம் தொலைபேசி எண்ணைச் சார்ந்ததன்று என்பதை நான் அறிவேன். அந்தத் தாயாரின் விசுவாசத்தை ஆண்டவர் அறிவார். ஆனால் ஓர் ஆன்மா தன் கடைசி வேளையில் திருச்சபையைத் தேடியபோது, திருச்சபையின் பெயரால் நாம் தவறான பதில் சொன்னோம். அந்தப் பிழை என்னுடையது. பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே அந்தத் தளத்தைப் பார்த்தேன். பழைய திருவிழாப் படங்களும் பழைய பூசை நேரங்களும் இருந்தன. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டேன். அந்தப் ‘பிறகு’ வருவதற்குள் ஒரு தாயார் போய்விட்டார்.

அதன்பின் பங்குப் பேரவையோடு அமர்ந்து அந்தத் தளத்தைப் புதிதாக அமைத்தோம். அப்போது கற்றுக்கொண்டவற்றை மற்றப் பங்குகளுக்கும் பயன்படும் என்றெண்ணி இங்கே எழுதுகிறேன்.

திருச்சபை காட்டிய வழி

புதிய சாதனங்களைக் கண்டு திருச்சபை ஒதுங்கி நின்றதில்லை. மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியை 1931 பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தொடங்கி வைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றித் தனி விதித்தொகுப்பே வெளியிட்டது. வத்திக்கானின் இணையதளம் 1995-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று பிறந்தது. 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சமூகத் தொடர்பு நாளுக்கான தம் செய்தியை முழுவதும் இணையத்தைப் பற்றியே எழுதினார்.

நம் காலத்துப் புனிதர் ஒருவரும் இவ்வேலையைச் செய்திருக்கிறார். கார்லோ அக்குத்திஸ் என்ற சிறுவர், இத்தாலியின் மிலான் நகரில் தம் பங்கான சாந்தா மரியா செக்ரேத்தா ஆலயத்திற்கு இணையதளம் அமைக்க உழைத்தவர். நற்கருணைப் புதுமைகளைப் பற்றிப் பல நாடுகளிலிருந்தும் செய்தி திரட்டி உலகுக்குக் காட்டியவர். 2006 அக்டோபர் 12 அன்று, 15 வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தார். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவர் நாள் தவறாமல் திருப்பலி கண்டவர். பீடத்தின் முன் முழந்தாளிட்டவரே கணினியின் முன்னும் அமர்ந்தார் என்பதை நம் இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

முதல் பக்கம் யாருக்கு?

எங்கள் பழைய தளத்தின் முதல் பக்கத்தில் கோபுரத்தின் படமும், குருக்களின் படங்களும், நீண்டதொரு வரலாறும் இருந்தன. அவை தவறல்ல. ஆனால் மக்கள் எதைத் தேடி வருகிறார்கள்? இதை அறிய, ஒரு மாதம் முழுவதும் அலுவலகத்திற்கு வந்த ஒவ்வொரு கேள்வியையும் உபதேசியாரைக் கொண்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தோம். ஞாயிறு பூசை எத்தனை மணிக்கு? பாவசங்கீர்த்தனம் எப்போது கேட்பார்கள்? குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்னென்ன கொண்டு வர வேண்டும்? திருமண ஓலை வாசிக்க எத்தனை வாரம் முன்னதாக வர வேண்டும்? நோயாளிக்கு நற்கருணை கொண்டுவர யாரைக் கேட்பது? ஒருவர்கூடக் கோபுரத்தின் உயரத்தைக் கேட்கவில்லை.

அந்தக் குறிப்பேடே எங்கள் முதல் பக்கமாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், நோயாளிகளுக்காக அழைக்க வேண்டிய எண். அடுத்துத் திருப்பலி நேரங்கள். அதற்கடுத்துச் சான்றிதழ்கள் பற்றிய விவரம். கூலி வேலைக்குச் செல்பவர் ஒரு நாள் ஊதியத்தை இழந்து அலுவலகம் வந்து, ஒரு தாள் குறைகிறதென்று திரும்பிப் போவது நாம் அவருக்குச் செய்யும் அநீதி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட நாளைக் குறிக்கிறோம். பலர் தளத்திற்கு வராமல் கூகுள் வரைபடத்திலேயே கோவிலைத் தேடுகிறார்கள். அங்கிருந்த பழைய எண்ணையும் திருத்தினோம்.

தமிழ் எழுத்தில் ஒரு கவனம் வேண்டும். முன்பு ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. இன்று ஒருங்குறியில் எழுதினால் எந்தக் கைப்பேசியிலும் படிக்கலாம், தேடினாலும் கிடைக்கும். அறிவிப்புகளை வண்ணப் படமாக மட்டும் போடுவது இன்னொரு பிழை. பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள் எழுத்தையே படிக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்து பல வேளைகளில் அதற்கு எட்டுவதில்லை.

சாவி யாரிடம்?

எங்கள் பழைய தளத்தை ஆர்வமிக்க இளைஞர் ஒருவர் ஒரு திருவிழாவின்போது அமைத்துத் தந்தார். பின்னர் வேலை கிடைத்து வெளிநாடு சென்றார். கடவுச்சொல்லும் அவரோடு கடல் கடந்தது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. கோவில் சாவியை வாங்கி வைக்காதவர்கள் நாம்தாம்.

இணைய முகவரி என்பது விலைக்கு வாங்கிய நிலமன்று. காலந்தோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய குத்தகை அது. கட்டத் தவறினால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படிக் கைமாறிய முகவரிகளில் சூதாட்ட விளம்பரங்கள் குடியேறுவதும் உண்டு. ஒரு புனிதரின் பெயரைத் தாங்கிய முகவரிக்கு அந்தக் கதி நேரலாமா? ஆகவே முகவரியைத் தனி மனிதர் பெயரில் அன்றிப் பங்கின் பெயரில் பதிவு செய்ய வேண்டும். கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் பங்கின் பெட்டகத்தில் வைக்க வேண்டும். பங்குத் தந்தை மாற்றலாகும்போது திருக்கிண்ணம், பதிவேடுகள், சாவிகள் ஆகியவற்றோடு இணையதளமும் ஒப்படைப்புப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

எதைப் போடக் கூடாது?

திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் அந்நியர் கைக்குப் போகாதபடி காக்கும் கடமையைத் திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் விதி பங்குத் தந்தைமேல் சுமத்துகிறது. அவற்றின் பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் போடுவது அந்தக் கடமைக்கு எதிரானது. நோயாளிகளின் பெயரையும் முகவரியையும் செபத்திற்கென்றுகூட வெளியிடலாகாது. வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் அரிசி வாங்கும் ஏழையின் முகத்தை ஊரறியக் காட்டுவது தர்மமாகாது.

குழந்தைகளின் படங்களில் இன்னும் கவனம் தேவை. 2023-இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவடையாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. முதல் நற்கருணை வாங்கும் குழந்தையின் படத்தைப் பெயரோடும் பள்ளியோடும் போடுமுன், பெற்றோரிடம் ஒரு சொல் கேட்பது சட்டத்திற்கு முன்பே நம் மனசாட்சி கேட்பது.

காணிக்கை விஷயத்திலும் விழிப்பு வேண்டும். வெளிநாட்டில் வாழும் நம் மக்களில் இந்தியக் குடியுரிமை உடையோர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது ஒன்று. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்புவது வேறொன்று. பின்னது, அனுப்பியவர் தமிழரேயானாலும், 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வரும். அதற்கான பதிவு இல்லாத பங்கு அதைப் பெறலாகாது. வங்கி எண்ணைத் தளத்தில் போடுமுன் மறைமாவட்டப் பொருளாளரைக் கேட்டுக்கொள்வது நலம்.

இணையம் வாசல் மட்டுமே

2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் கோவில்கள் மூடப்பட்டபோது திரையில் திருப்பலி கண்டு ஆறுதலடைந்தோம். படுக்கையிலிருப்போருக்கு அந்த ஆறுதல் இன்றும் தேவை. ஆயினும் இணையத்தில் திருவருட்சாதனங்கள் இல்லை என்று சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 2002-இலேயே தெளிவாக்கிவிட்டது. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரைப் பீடத்தண்டை அழைத்து வருவதே நம் தளத்தின் வேலை. உடல்நலமுள்ளவரை வீட்டிலேயே அமர்த்தி வைப்பது அதன் வேலையன்று.

நம் முன்னோர் கோவில் கட்டியபோது மணிக்கூண்டையும் கட்டினார்கள். கூடவே, நாள்தோறும் கயிற்றைப் பிடித்து இழுக்க ஓர் ஆளையும் அமர்த்தினார்கள். இணையதளம் கட்டிய நாம் கயிற்றை இழுக்க ஆள் வைக்க மறந்தோம். அந்த மறதிக்கு நான் கண்ட விலை பெரிது.

இப்போது அந்த எண், பங்குத் தந்தை மாறினாலும் பங்கைவிட்டுப் போகாத ஒரு கைப்பேசியின் எண். இரவில் அது என் தலைமாட்டில் இருக்கிறது. நான் வெளியூர் சென்றால் அடுத்த பங்கின் குருவானவரிடம் போகிறது. சனிக்கிழமை தோறும் மாலைத் திருப்பலி முடிந்ததும், இளையோர் குழுவிலிருந்து ஒரு மாணவி தளத்தைத் திறந்து, அதிலுள்ள எண்ணைப் பார்த்து அழைக்கிறார். நான் எடுத்து, “இருக்கிறேன் அம்மா” என்கிறேன். அரை நிமிட வேலைதான்.

அன்பு வாசகர்களே, இதைப் படித்து முடித்ததும் உங்கள் பங்கின் தளத்தைத் திறந்து, அதிலுள்ள எண்ணை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். யாரும் எடுக்காவிட்டால் உங்கள் பங்குத் தந்தையிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவர் வருந்த மாட்டார். என்னைப் போல் பிந்தி வருந்துவதிலிருந்து தப்புவார். அப்படியே, பெயர் சொல்லாமல் நான் குறிப்பிட்ட அந்தத் தாயாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு செபம் சொல்லுங்கள்.