பூட்ட முடியாத பீரோ!

பூட்டுக்குப் பேர் போன ஊர் எங்கள் திண்டுக்கல். 2019-ல் புவிசார் குறியீடு வேறு வாங்கியாச்சு. அப்பேர்ப்பட்ட ஊரில் என் வீட்டு பீரோவைப் பூட்ட முடியவில்லை!

பூட்டில் கோளாறு இல்லை. கதவு சேர்ந்தால்தானே பூட்டுவதற்கு? உள்ளே என்ன, நகையா பணமா என்று கேட்கிறீர்களா? அட, நீங்க வேற! எல்லாம் என் வாரிசுகள் இரண்டு பேரின் துணிமணி.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரம். ஒன்பது வயது மகள் பீரோ முன்னால் நின்று கண்ணைக் கசக்குகிறாள்.

"அப்பா... போட்டுக்க டிரெஸ்ஸே இல்லை!"

கதவைத் திறந்தேன். பொலபொலவென்று என் தலையில் கொட்டியது, அந்த 'இல்லாத' டிரெஸ் எல்லாம்.

நான் பி.காம். படித்தவன். மார்ச் 31 வந்தால் கடைக்காரர்கள் சரக்கு எண்ணுவது போல, அன்று சாயங்காலமே கூடத்தில் பாய் விரித்து எண்ண ஆரம்பித்தேன். மகள் கணக்கு மட்டும் 87 உருப்படி. அளவு சரியாக இருந்து, அவள் நிஜமாகவே போடுவது 19. சின்னதாகிப் போனவை 41. "குத்துதுப்பா" என்று ஒதுக்கியவை 12. 'வளர்ந்தால் போட்டுக்குவா' என்று வாங்கி வைத்தவை 9. விலைச்சீட்டுகூடக் கிழிக்காதவை 6. ஆக, முக்கால்வாசிக்கு மேல் தேங்கிப் போன சரக்கு. ஒரு கடை இப்படி நடந்தால் ஆறே மாசத்தில் ஷட்டரை இழுத்துவிட வேண்டியதுதான்!

எப்படிச் சேர்ந்தது இவ்வளவும்? தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, மாசி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு இரண்டு. ஆடித் தள்ளுபடியில் 'சும்மா பார்க்கப் போய்' மூன்று. போதாததற்கு ராத்திரி படுத்துக்கொண்டே போனில் விரலால் தட்டி வாங்கியவை. (தட்டியது யார் என்று எழுதினால் எனக்குச் சாப்பாடு கிடைக்காது.)

என் சின்ன வயசில் தீபாவளிக்கு ஒரு செட், பள்ளிக்கூடச் சீருடை இரண்டு. அவ்வளவுதான். "வளர்ற புள்ளை, தாராளமா வச்சுத் தைங்க" என்பார் அம்மா. டெய்லர் கால்சட்டையின் அடியில் நாலு விரல் மடித்துத் தைப்பார். வருஷா வருஷம் ஒரு மடிப்பு பிரியும். மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் சாயம் போகாமல் ஒரு கோடு தெரியும். மரத்துக்கு வளையம் மாதிரி, என் வயசை அந்தக் கோட்டில் எண்ணலாம்!

சரி, ஒரு பிள்ளைக்கு எத்தனைதான் வேண்டும்?

இதற்கும் கணக்கு உண்டு சார். அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 4 செட் சீருடை கொடுக்கிறார்கள். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று மடிப்பில், ஒன்று அவசரத்துக்கு. மற்ற துணிக்கும் இதே சூத்திரம்தான். எத்தனை நாளைக்கு ஒரு தடவை துவைக்கிறோமோ, அத்தனை நாளைக்கு வேண்டியது, அதற்கு மேல் இரண்டு. மூன்று நாளைக்கு ஒருமுறை துவைக்கும் எங்கள் வீட்டில் வீட்டு உடுப்பு 5, வெளியே போக 4, விசேஷத்துக்கு 1. ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாது என்பதால் கூட இரண்டு. சீருடை நாலையும் சேர்த்தால் 16. உள்ளாடையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

'பெரிசா வாங்கி வை' என்பதும் பலிக்காது. இந்த வயசில் பிள்ளைகள் வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள். அந்த உடுப்பு சரியாகிற வருஷத்தில் அவளுக்குப் பிடித்த நிறமே மாறியிருக்கும்!

இன்னொரு கணக்கும் போட்டேன். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, செடியில் தொடங்கி சாயம் வரை, சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறதாம். விலைச்சீட்டு கிழிக்காத அந்த ஆறையும் பருத்தி டி-ஷர்ட்டாகவே வைத்துக்கொண்டால் 16,200 லிட்டர். ஆயிரம் குடத்துக்கு மேல்! காலிக் குடத்தோடு குழாயடியில் காத்துக் கிடந்த ஊர்க்காரனுக்கு வயிறு எரியாதா?

கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். உண்மையான கணக்கே அப்புறம்தான் ஆரம்பித்தது.

சின்னதான 41-ஐயும் ஒரு உரச் சாக்கில் திணித்து, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுத்தேன். அவர் மகள் என் மகளைவிட ஒரு வயது சின்னவள். "புள்ளை போட்ட துணியை அப்படியே குடுக்காதேடா, அலசிக் குடு" என்றார் அம்மா. நான்தான் காதில் வாங்கவில்லை.

பத்து நாள் கழித்து, கோயில் வாசலில் அந்தச் சின்னப் பெண் மஞ்சள் கவுனில் நின்றாள். என் மகள் நாலு பேர் காதில் விழக் கத்தினாள்:

"ஏய்... அது என் கவுனு!"

அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. இரண்டு கையாலும் கவுனை மறைத்துக்கொண்டாள். இருக்கிற துணியையே கையால் மறைக்கிற பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை கவுன் திரும்பி வந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு, நான் கொடுத்தபோது இல்லாத பொத்தானும் தைத்து! "பாப்பா ஆசையா வச்சிருந்ததாட்டம் இருக்கு. அதுவே வச்சுக்கட்டும் சார்."

அழுக்காக, சாக்கில் போட்டு, பொத்தான் அறுந்ததைக் கொடுத்தவன் நான். என் பி.காம். அங்கே ஃபெயில்.

டில்லியில் அன்ஷு குப்தா என்பவர் 1999-ல் 'கூஞ்ச்' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலீடு? சொந்த பீரோவிலிருந்து எடுத்த 67 துணிகள்! 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர் துணியைத் தானம் என்று நீட்டுவதில்லை. கிராமத்து மக்கள் தங்கள் ஊருக்காகக் கிணறு தூர்வாருகிறார்கள், பாதை போடுகிறார்கள். அந்த உழைப்புக்கு மரியாதையாகத் துணி போகிறது. திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் 2017-ல் 'அன்புச் சுவர்' வைத்தார்கள். வேண்டாததை வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். கொடுத்தவர் முகம் எடுத்தவருக்குத் தெரியாது. 2015-ல் ஈரான் நாட்டின் மஷாத் நகரில் ஒரு சுவரில் ஆரம்பித்த பழக்கம் இது. அந்தச் சுவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கள் வீட்டு வழக்கமே வேறு. எதைக் கொடுப்பது என்று மகளே தேர்ந்தெடுக்கிறாள். கொடுத்தபின் அது அவளுடையது இல்லை என்று அவளுக்குத் தெரியும். துவைத்து, தைத்து, மடித்துத்தான் வெளியே போகும். நாமே போடத் தயங்குவது கரித்துணிக்கு. மெத்தென்ற பழைய பருத்தி, பிரசவம் ஆகப்போகும் சொந்தக்காரர் வீட்டுக்கு.

முக்கியமான விஷயம்... தீபாவளி போனஸில் பழந்துணியைச் சேர்த்துக் கழிக்கும் புத்தியை விட்டுவிட்டேன். மகளுக்கு மூன்றுக்குப் பதில் ஒன்றே ஒன்று எடுத்தோம். மிச்சத்தையும் சேர்த்து அக்கா கையில் பணமாகவே கொடுத்தோம்.

தீபாவளியன்று அந்தச் சின்னப் பெண் ஊதாப் பாவாடை சட்டையில் வந்தாள், அவள் அம்மா எடுத்தது. என் மகள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குடி... எந்தக் கடையில எடுத்தீங்க?"

அந்தப் பெண் கையை எடுத்து எதையும் மறைக்கவில்லை. பாவாடையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

பீரோ இப்போது ஜோராகப் பூட்டுகிறது. அந்த மஞ்சள் கவுன் மட்டும் என் சட்டைகளுக்கு நடுவே தொங்குகிறது. 16-ல் சேராத உருப்படி. அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.