கடாரத்துக்குப் போன காமிராப் பை

எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் நான் இருக்க மாட்டேன். இவர் இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள், மாமியார் இருப்பார். திருச்செந்தூர் கடல், ஊட்டிப் பூங்கா எல்லாம் இருக்கும். எடுத்தவள் நானல்லவா! "ஏம்மா, நீ ஊட்டிக்கு வரவேயில்லையா?" என்று சின்னவன் ஒரு நாள் கேட்டு வைத்தான். அன்றைக்கே தீர்மானித்தேன், ஒரு முக்காலி ஸ்டாண்டு வாங்கிவிடுவதென்று.

அதற்கு வேளையும் வந்தது. கோலாலம்பூரில் இருக்கும் என் கொழுந்தனார், 2024 காலாண்டு லீவில் குடும்பத்தோடு வரச் சொல்லி அழைத்தார். அத்தைக்குப் பத்துமலை முருகனைப் பார்க்க ஆசை. எனக்கோ கடாரத்தைப் பார்க்க ஆசை. எங்கள் ரெட்டிபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அந்த ஊரைத் தலைநகராக்கிய ராஜேந்திர சோழன் 1025-இல் கடற்படை அனுப்பி வென்ற கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். இங்கிருந்து போகிறவள் அங்கே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

"போனிலேயே எடுக்கலாமே" என்பீர்கள். எடுக்கலாம், தப்பில்லை. போனை மாட்டுவதற்குத் தனியாக ஒரு கிளிப் விற்கிறது. அதை வாங்கிவிட்டால் முக்காலியைப் பற்றி நான் சொல்லப்போவதெல்லாம் போனுக்கும் பொருந்தும்.

முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போய், ஒரு தோளில் தொங்கவிடும் பையை வாங்கி வந்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. காமிரா கம்பெனியின் பெயர் முன்பக்கம் கொட்டை எழுத்தில் வேறு. பழகிப் பார்க்கலாமென்று கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அதை மாட்டிக்கொண்டு போனேன். சின்னவன் செருப்பு வாரைப் போட்டுவிடக் குனிந்தேனோ இல்லையோ, பை சரேலென்று முன்னால் வந்தது. வாரைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கொக்கி பட்டென்று விட, காமிரா கல் தரையில் விழுந்தது. லென்ஸுக்கு முன்னால் மாட்டும் பாதுகாப்பு ஃபில்டர் கண்ணாடி தூளானதோடு போயிற்று. லென்ஸ் பிழைத்தது. அன்றிரவு முழுவதும் வலது தோளும் கழுத்தும் இழுத்துக்கொண்டு வலித்தது தனிக் கதை.

பை விஷயத்தில் நாம் காமிராவைத்தான் நினைக்கிறோம், சுமக்கிற உடம்பை நினைப்பதில்லை. ஒரே தோளில் பாரம் தொங்கினால் அது நழுவாதிருக்க அந்தத் தோளை நம்மையறியாமல் தூக்கிக்கொண்டே நடக்கிறோம். கழுத்துப் பிடிப்பு அதனால்தான் வருகிறது. கைக்குழந்தைக்காரிகளுக்கு இன்னும் கஷ்டம், இடுப்பில் குழந்தை ஒரு பக்கம், பை ஒரு பக்கம்! முதுகில் மாட்டும் பைதான் நமக்குச் சரி. இரண்டு கையும் சும்மா இருக்கும், பிள்ளையைப் பிடிக்கலாம். தோள்பட்டை வார் மூன்று விரல் அகலத்துக்குக் குறையக் கூடாது. மார்புக்குக் குறுக்கே ஒரு சின்ன வார் இருந்தால் தோளை விட்டு நழுவாது. கனமான லென்ஸை முதுகை ஒட்டினாற்போல வைக்க வேண்டும், வெளிப்புறம் வைத்தால் பை பின்னால் இழுக்கும்.

எவ்வளவு எடை தூக்கலாம்? 2020-இல் மத்திய அரசு வகுத்த பள்ளிப் பைக் கொள்கையில், பிள்ளைகளின் புத்தகப் பை அவர்கள் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. பிள்ளைக்குச் சொன்னதை நானும் எடுத்துக்கொண்டேன். என் எடை 58 கிலோ. ஆக, ஐந்தே முக்கால் கிலோவோடு சரி. பழைய பேப்பர்காரரின் தொங்கு தராசை வாங்கிக் கடையில் பார்த்து வைத்த காமிராப் பைகளை நிறுத்தேன். (கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.) ஒன்று, உள்ளே எதுவும் வைக்காமலே இரண்டு கிலோ! விமானத்தில் கைப்பைக்குப் பல கம்பெனிகள் 7 கிலோதான் விடுகின்றன. அதில் வெறும் பைக்கே இரண்டு கிலோ கொடுத்தால் மற்றதை எங்கே வைப்பது?

கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? பெரியவனின் பழைய காலேஜ் பையைத் துவைத்துக் காயவைத்தேன். முக்கால் கிலோதான். உள்ளே வைக்க ஒரு தடுப்புப் பெட்டி தைத்தேன். கிழிந்துபோன யோகா விரிப்பு ஒன்று கிடந்தது. பையின் உள்ளளவை எடுத்து, அரை அங்குலம் குறைத்து, அடிக்கு ஒரு துண்டும் சுற்றிலும் நான்கு துண்டும் வெட்டினேன். பழைய பருத்திப் புடவையில் உறை தைத்து அவற்றைச் செருகி, ஓரங்களைக் கையாலேயே இணைத்தேன். நடுவே போடும் தடுப்புக்கு வெல்க்ரோ ஒட்டுப்பட்டி வைத்தால் வேண்டியபடி நகர்த்திக்கொள்ளலாம். பஞ்சு வைக்காதீர்கள், அது அமுங்கிப்போகும், ஈரத்தையும் குடிக்கும். வெளியே பார்த்தால் அது காலேஜ் பை, திருடன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

எங்கள் ஊரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓடாத நேரமில்லை. காலையில் துடைத்த ஜன்னல் மத்தியானம் வெளுத்திருக்கும். அதனால் ஜிப்பின் மேல் ஒரு துணி மடிப்பையும் சேர்த்துத் தைத்தேன். மழைக்கு மேலுறை ஒன்று தனியாக வாங்கினேன். மலேசியாவில் மத்தியான மழை சொல்லாமல் வருகிற விருந்தாளி.

மருந்து டப்பாக்களில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் நாலைந்து பைக்குள் போட்டேன். ஈரம் தங்கினால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும், பிறகு ரிப்பேருக்குத்தான் போக வேண்டும். குழந்தை வாயில் போடாமல் அவற்றைத் துணிப் பையில் முடிந்து வையுங்கள். இன்னொன்று. ஏ.ஸி. அறையிலிருந்து வெளியே வந்தவுடன் காமிராவை எடுத்தால் கண்ணாடியில் வேர்வை பூத்துவிடும். பையை மூடியபடியே அரை மணி வெளியில் இருக்க விட்டு எடுத்தால் பூக்காது.

முக்காலிக்கு வருவோம். அரியலூரில் கல்யாணங்களுக்குப் படமெடுக்கும் தம்பி ஒருவர் தம்முடையதைக் காட்டினார். தூக்கினேன், அம்மாடி, நாலு கிலோ! "அக்கா, இது எனக்கு. உங்களுக்கு ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது" என்றவர், வாங்கும்போது பார்க்க வேண்டியதையும் சொல்லிக்கொடுத்தார். மடித்தால் ஒன்றரை அடிக்குள் அடங்க வேண்டும், அப்போதுதான் பெட்டிக்குள் போகும். உங்கள் காமிராவையும் லென்ஸையும் சேர்த்து நிறுத்து, அதைப்போல் இரண்டு மடங்காவது தாங்குவதாக இருக்க வேண்டும். நடுத்தண்டைத் தூக்காமலே உங்கள் கழுத்து உயரம் வர வேண்டும். நடுத்தண்டைத் தூக்கத் தூக்க, ஒற்றைக் கால் ஸ்டாண்டு மாதிரி காற்றில் ஆடும்.

கடையிலேயே காமிராவை மாட்டி, கால்களை முழுக்க நீட்டி, லென்ஸின் நுனியை ஒரு விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். நடுக்கம் உடனே அடங்கினால் நல்லது. அலுமினியம் விலை குறைவு. கார்பன் ஃபைபர் எடை குறைவு, ஆனால் விலை எங்கோ இருக்கிறது. நான் அலுமினியம்தான் வாங்கினேன். காலைப் பூட்ட, திருகும் வகையும் மடக்கும் வகையும் உண்டு. மடக்குவது சீக்கிரம் ஆகும், ஆனால் வாண்டுகள் விரல் நசுங்கும், ஜாக்கிரதை. திருகுவதில் தூசி புகுந்தால் கரகரக்கும், துடைக்க வேண்டும். கொத்தனார் வைத்திருப்பாரே ரசமட்டம், அதுபோல ஒரு குமிழி தலையில் இருந்தால் படம் சாயாது. காற்றடித்தால், நடுத்தண்டின் கீழேயுள்ள கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் போதும், கல் மாதிரி நிற்கும். ஸ்டாண்டில் வைக்கும்போது காமிராவின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடச் சொன்னார் அந்தத் தம்பி.

ஆனால் எங்கும் விரித்துவிட முடியாது. நம் நாட்டில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னங்களில் முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும். வெளிநாட்டிலும் கேட்டுவிட்டுத்தான் விரிக்க வேண்டும்.

விமானத்துக்கு முக்காலியைப் புடவைகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்தேன். காமிராவும் லென்ஸும் கையோடு. உபரி பாட்டரியும் பவர் பாங்கும் கட்டாயம் கையோடுதான் வர வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் விதியே அப்படி. பாட்டரியின் உலோக முனையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். காமிரா வாங்கிய பில்லின் நகலும் பையில் இருக்கட்டும், திரும்பி வரும்போது சுங்கத்தில் கேட்டால் காட்டலாம்.

திருச்சியிலிருந்து ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். பத்துமலையில் 2006-இல் நிறுவிய முருகன் சிலை 140 அடி, அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது. குகைக்கோயிலுக்கு 272 படி. அத்தைக்கு முழங்கால் வலி, கீழேயே உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டார். படியெல்லாம் குரங்குகள்! எனக்கு முன்னால் போன ஓர் அம்மாளின் பிளாஸ்டிக் பையை ஒன்று பிடுங்கிக்கொண்டு ஓடியது. என் பை முதுகில், ஜிப் மடிப்புக்குள். ஒரு குரங்கு தடவிப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஒரு கையில் சின்னவன், மறு கையில் கைப்பிடிக் கம்பி. பழைய தோள்பையோடு அந்தப் படிகளில் ஏறியிருந்தால் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

இரண்டு நாள் கழித்து, ரயிலில் சுங்கைப் பட்டாணிக்குப் போய், அங்கிருந்து காரில் மெர்போக் என்ற ஊரைச் சேர்ந்தோம். பூஜாங் பள்ளத்தாக்கின் அருங்காட்சியகம் அங்கேதான். பக்கத்திலேயே புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளம். நம் கோயிலைப் போல வானளாவும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். சின்ன இடம், சுற்றிலும் மரம். ஆனால் அங்கே நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

காவலரிடம் கேட்டு, புல்தரை ஓரமாக முக்காலியை விரித்தேன். டைமர் 10 விநாடி. முதல் படத்தில் நான் ஓடிவரும் முதுகு மட்டும். இரண்டாவதில் கண்ணை மூடியிருக்கிறேன். மூன்றாவதற்கு அமுக்கும்போது தூறல் ஆரம்பித்துவிட்டது. இவர் "வா, வா" என்று கத்த, ஓடிப்போய் அத்தைக்குப் பக்கத்தில் நின்றேன்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். ஐந்து பேரும் இருக்கிறோம். அத்தை மட்டும் காமிராவைப் பார்க்காமல் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.