மலைநாட்டுப் பாடல்களும் கணினியும்

நாட்டார் பாடல்களைத் தொகுப்போர் அவற்றைத் தாலாட்டு, ஒப்பாரி, தொழிற்பாட்டு எனப் பகுத்து அச்சிடுதல் வழக்கம். நூலில் ஒரு பாட்டுக்கு ஓரிடமே உண்டாதலின் இது தவிர்க்க முடியாததாயிற்று. ஆயின் பதுளைத் தோட்டத்து லயமொன்றில் தாயொருத்தி மகவை உறங்கவைத்துக்கொண்டே, கொழுந்தின் நிறை குறைந்தமையால் தனக்கு அரைப்பேர் விழுந்ததையும் கங்காணியின் கடுஞ்சொல்லையும் சேர்த்துப் பாடுவாளாயின், அதனை எங்கே வைப்பது? தாலாட்டென்று வைத்தால், கூலியின் வரலாற்றை ஆராய்வோன் அதனைக் காணாமலே சென்றுவிடுவான்.

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. டென்மார்க்கு நாட்டிலே ஏவல்ட் டாங் கிறிஸ்டென்சன் (1843–1929) என்பார், அவரும் ஒரு பள்ளியாசிரியரே, யூட்லாந்தெங்கும் நடந்து திரிந்து குடியானவர் கதைகளை ஏறத்தாழ 24,000 பக்கங்களில் எழுதிவைத்தார். அத்தொகுதியைத் திமொதி டாங்கர்லினி முதலிய அறிஞர் கணினியில் ஏற்றி ஆராய்ந்து, 2012இல் அம்முறையை விளக்கி எழுதினர். கணினி ஒவ்வொரு கதையிலும் வரும் சொற்களை எண்ணி, பொதுச்சொற்கள் மிகுந்த கதைகளை இனஞ்சேர்க்கிறது. கதைகளைப் புள்ளிகளாகவும் அவற்றின் உறவைக் கோடுகளாகவும் வரைகிறது. சொன்னவர் ஊரையும் கதையில் வரும் ஊரையும் நிலப்படத்திற் பொறிக்கிறது. ஒரு கதை பல தலைப்பின்கீழும் நிற்கலாம்.

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்க’ளையும் இவ்வாறு ஆராய்தல் கூடும். எனினும் வேலை எளிதன்று. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் ஈழத்து நூல்கள் பலவற்றை நம் கைக்கெட்டச் செய்துள்ளது. ஆயின் பக்கத்தின் படம் வேறு, எண்ணத்தக்க எழுத்து வேறு. மேலும், கங்காணி, கங்காணிக்கு, கங்காணியால் என்பவற்றைக் கணினி மூன்று சொற்களாகவே கொள்ளும். வேற்றுமையுருபைப் பிரித்துக் காட்டல் வேண்டும். ‘கொளுந்து’ என்று பாடியதைக் ‘கொழுந்து’ எனத் திருத்துவது ஆசிரியராகிய எம் கைப்பழக்கம். அது கூடாது. பாடியபடியே எழுதி, திருந்திய வடிவைப் பக்கத்திற் குறித்தல் நன்று. தோட்டங்களுக்கோ பதிவேட்டுப் பெயரொன்று, தொழிலாளர் வழங்கும் தமிழ்ப்பெயரொன்று. பாட்டு பின்னதைச் சொல்லும்; நிலப்படம் முன்னதையே அறியும். இரண்டையும் இணைக்கும் அட்டவணை முதலில் வேண்டும்.

இவையெல்லாம் பின்னரும் செய்யத்தக்கன. பாடியவள் யார், எத்தோட்டம், எந்த ஆண்டு, அப்பாட்டை யாரிடம் கற்றாள் என்பவை அன்றே எழுதப்படாவிடின் எக்கணினியும் அவற்றைத் தாராது. பசறையிலும் லுணுகலையிலும் அப்பாடல்களை முழுமையாக அறிந்தோர் முதிய பெண்களே. பேரப்பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குச் சென்றுவிட்டனர். விடுமுறைக்கு லயத்துக்குச் செல்லும் மாணவன் கையிலுள்ள தொலைபேசியே ஒலிப்பதிவுக்குப் போதுமானது. பாட்டியின் பெயரையும் அதிலேயே சொல்லச் செய்க.