குறியீட்டெண் நின்றுபோனால் பில் என்ன ஆகும்? சாங்யாங் வழக்கு பற்றி ஒரு குறிப்பு

நெடுஞ்சாலை ஒப்பந்தத் தகராறு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நிலம் எடுப்பதில் தாமதம், பாதியில் ஓடிப்போன காண்டிராக்டர், ஜல்லி தரம், இந்த மாதிரி விஷயங்கள்தான். கொஞ்ச நாளாக நான் படித்துக்கொண்டிருக்கும் வழக்கில் இவை எதுவும் கிடையாது. சாலை போட்டார்கள், பில் கொடுத்தார்கள். பில்லில் ஒரு எண்ணை எந்த அட்டவணையிலிருந்து எடுப்பது என்பதுதான் சண்டை. அது உச்ச நீதிமன்றம் வரை போய், இன்றைக்கு இந்தியாவில் எந்த நடுவர் தீர்ப்பை எதிர்த்து வழக்குப் போட்டாலும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பாகிவிட்டது.

முதலில் விலைச் சரிக்கட்டல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். எங்கள் பொதட்டூர்பேட்டையில் தறிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முதலாளி பாவும் நூலும் கொடுத்து கூலிக்கு நெய்யச் சொன்னால், நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் அது முதலாளி தலைவலி. தறிக்காரரே நூல் வாங்கி, துணியை இன்ன விலைக்குத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டால், நடுவில் நூல் விலை ஏறினால் போச்சு. சாலை காண்டிராக்டர் இரண்டாவது வகை ஆள். ஆனால் அவர் சொன்ன விலை மூன்று, நான்கு வருடம் நிற்க வேண்டும். அவ்வளவு காலத்துக்கு சிமென்ட், இரும்பு, தார் விலையை யாராலும் கணிக்க முடியாது. கணிக்கச் சொன்னால் பயத்தில் விலையை ஏற்றித்தான் டெண்டர் போடுவார். அதனால் விலையேற்றத்தில் ஒரு பகுதியை அரசுத் தரப்பே ஏற்றுக்கொள்ளும். எவ்வளவு என்பதை ஒரு சூத்திரம் சொல்லும்.

சூத்திரம் எளிமையானது. அந்த மாதம் செய்த வேலையின் மதிப்பு, அதில் சிமென்டின் பங்கு, சிமென்ட் விலை எத்தனை சதவீதம் ஏறியது, இந்த மூன்றையும் பெருக்கி அதை 0.85ஆல் பெருக்க வேண்டும். (அந்த 0.85 எதற்கு என்றால், ஏற்றத்தில் 15 சதவீதம் காண்டிராக்டர் தலையில்தான்.) இதே மாதிரி இரும்புக்கு ஒன்று, தாருக்கு ஒன்று, இயந்திரங்களுக்கு ஒன்று. விலை எத்தனை சதவீதம் ஏறியது என்பதற்கு காண்டிராக்டரின் கடைப் பில் செல்லாது. மத்திய அரசு வெளியிடும் மொத்த விலைக் குறியீட்டெண்தான் கணக்கு. டெண்டர் காலத்தில் குறியீடு எவ்வளவு, இப்போது எவ்வளவு, அவ்வளவுதான்.

இனி வழக்கு. சாங்யாங் ஒரு தென்கொரிய கட்டுமான நிறுவனம். சிங்கப்பூர் மரினா பே சாண்ட்ஸ் கட்டியவர்கள் என்றால் சிலருக்குத் தெரியும். மத்தியப் பிரதேசத்தில் ஜான்சியிலிருந்து லக்னாதோன் போகும் பழைய தேசிய நெடுஞ்சாலை 26இல் ஒரு பகுதியை நான்கு வழியாக்கும் வேலை, சுமார் 219 கோடி ரூபாய்க்கு இவர்களுக்குக் கிடைத்தது. வேலை கொடுத்தது தேசிய நெடுஞ்சாலை ஆணையம். ஒப்பந்தம் கையெழுத்தானது 2006 ஏப்ரலில். அப்போது குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 1993-94, அதாவது அந்த ஆண்டின் விலையை 100 என்று வைத்த வரிசை.

2010 செப்டம்பர் 14இலிருந்து அந்த வரிசை நின்றுபோனது. அதற்குப் பதில் 2004-05ஐ 100 என்று வைத்த புதிய வரிசை. மென்பொருள்காரர்களுக்கு இது தினசரி சங்கதி. நம் நிரல் நம்பியிருந்த வெளிச் சேவை ஒன்றை நிறுத்திவிட்டு, அதே பெயரில் வேறு மாதிரி எண்கள் தரும் இன்னொன்றை வைத்தால் எப்படியோ, அப்படி.

புதிய எண்ணைப் பழைய எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, டெண்டர் கால எண், இன்றைய எண் இரண்டையுமே புதிய வரிசையிலிருந்து எடுப்பது. இன்னொன்று, புதிய எண்ணை ஒரு இணைப்புக் காரணியால் பெருக்கிப் பழைய வரிசையின் தொடர்ச்சியாக மாற்றுவது. எதைச் செய்தாலும் ஒரே விடைதானே வரும் என்றுதான் தோன்றும். வராது. புதிய வரிசையில் பொருட்களும் வேறு, எடைகளும் வேறு. ஆக இரண்டு வரிசையும் ஒரே வேகத்தில் ஏறியிருக்காது.

என் கற்பனை எண்களை வைத்துப் பாருங்கள். டெண்டர் காலத்தில் சிமென்ட் பழைய வரிசையில் 180, புதியதில் 100. 2009-10இல் பழையதில் 234, புதியதில் 140. பிறகு பழையது நின்றுவிட்டது. 2012இல் புதியது 154. முதல் வழிப்படி ஏற்றம் 54 சதவீதம். இரண்டாவது வழியில், 2009-10ஐ ஒட்டும் இடமாக வைத்தால், காரணி 234ஐ 140ஆல் வகுத்தது, அதாவது சுமார் 1.67. அதன்படி 2012இன் எண் 257.4. இது 180ஐ விட 43 சதவீதம்தான் அதிகம். அந்த மாதம் 10 கோடிக்கு வேலை, சிமென்ட் பங்கு 10 சதவீதம் என்றால், ஒரு வழியில் 45.9 லட்சம், மற்றதில் 36.55 லட்சம். ஒரு மாதம், ஒரு பொருள், வித்தியாசம் 9.35 லட்சம். இதைப் பல பொருள்களுக்கும் பல மாதங்களுக்கும் போட்டுப் பாருங்கள்.

2013 பிப்ரவரி 15 அன்று ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது. 2009-10 எண்களை வைத்து இணைப்புக் காரணி போட்டு இனிமேல் கணக்கிட வேண்டும் என்று. சாங்யாங் ஒப்புக்கொள்ளவில்லை. விஷயம் மூன்று பேர் கொண்ட நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2016 மே மாதம் தீர்ப்பு. இரண்டு பேர் சுற்றறிக்கை செல்லும் என்றார்கள். ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கும் ஒரு தாளை ஒருதலையாகத் திணிக்க முடியாது என்றார் மூன்றாமவர்.

எனக்கு இதில் வியப்பாக இருந்தது பெரும்பான்மையினர் போன வழி. வணிக அமைச்சகத்தின் சில வழிகாட்டுதல்கள் இணைப்புக் காரணியை ஆதரிக்கின்றன என்று சொல்லி முடிவெடுத்தார்கள். அந்த வழிகாட்டுதல்களை எந்தத் தரப்பும் தாக்கல் செய்யவில்லை. நடுவர்களே எடுத்துக்கொண்டார்கள். கட்சிக்காரர்களிடம் காட்டவும் இல்லை.

தில்லி உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி முன்பும் தோல்வி, டிவிஷன் பெஞ்சிலும் தோல்வி. காரணம் இருக்கிறது. நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் அப்பீல் மாதிரி மறுபடி அலசக் கூடாது என்பதுதான் 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 34ஆம் பிரிவு. 2015 திருத்தம் அந்த வாசலை இன்னும் குறுக்கியது. தீர்ப்பைப் பார்த்ததும் தெரியும் அப்பட்டமான சட்டப் பிழை என்று ஒரு காரணம் உண்டு. ஆனால் ஒரு தரப்பு வெளிநாட்டு நிறுவனம் என்றால் அதுவும் கிடைக்காது. சாங்யாங்குக்கு மிச்சம் இருந்தது மிகக் குறுகலான சந்து.

2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சந்துக்குள்ளேயே அவர்களுக்கு வழிவிட்டது. நீதிபதி ஆர்.எஃப். நாரிமன் எழுதிய தீர்ப்பு. இரண்டு காரணம். காட்டாத ஆவணத்தை வைத்து முடிவெடுத்ததால் சாங்யாங் தன் வாதத்தைச் சொல்லவே வாய்ப்பில்லாமல் போனது. இரண்டாவது, ஒரு தரப்பு ஒப்புக்கொள்ளாத சுற்றறிக்கையைப் புகுத்தியதால் பெரும்பான்மையினர் புது ஒப்பந்தம் ஒன்றையே எழுதிவிட்டார்கள், இது நீதியின் அடிப்படைக்கே விரோதம். இதில் ஒரு வேடிக்கை, சம்மதம் என்று காண்டிராக்டர் உறுதிமொழி கொடுத்தால்தான் பொருந்தும் என்று அந்தச் சுற்றறிக்கையிலேயே எழுதியிருந்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பை ரத்து செய்தாயிற்று. அடுத்து என்ன? சட்டப்படி புதிதாக நடுவர் விசாரணை. இன்னும் சில வருடம். அதைத் தவிர்க்க 142ஆம் பிரிவின் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, மூன்றாமவரின் சிறுபான்மைத் தீர்ப்பையே நிலைநிறுத்தினார்கள். நீதிமன்றத்துக்கு நடுவர் தீர்ப்பைத் திருத்தும் அதிகாரம் உண்டா என்ற கேள்விக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்றுதான், 4:1 என்ற கணக்கில், குறிப்பிட்ட சில வரம்புக்குள் உண்டு என்றது.

இந்தத் தீர்ப்பு காண்டிராக்டருக்குச் சாதகம், மக்கள் பணம் போச்சு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பணம் கொடுக்க வேண்டிய தரப்பு பாதி வழியில் கணக்கு முறையை மாற்றலாம் என்றால், அடுத்த டெண்டரில் எல்லோரும் அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் விலை போடுவார்கள். ஆணையம் சொன்ன காரணி புள்ளியியல் ரீதியாகத் தப்பு என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அதை 2006இல் எழுதியிருக்க வேண்டும்.

லண்டன் வங்கிகளின் லைபார் வட்டி விகிதத்தை நிறுத்தியபோது அமெரிக்கா இந்தச் சிக்கலை முன்கூட்டியே பார்த்தது. மாற்று வட்டி விகிதம் எழுதாத பழைய ஒப்பந்தங்களுக்காக 2022இல் தனிச் சட்டமே போட்டார்கள். டாலர் லைபார் நின்றது 2023 ஜூனில்.

நம் குறியீட்டெண் 2017 மே மாதம் மறுபடி மாறி 2011-12 வரிசைக்கு வந்தது. எல்லாப் பொருட்களுக்குமான இணைப்புக் காரணி 1.561 என்று அரசே அறிவித்தது. ஆனால் சிமென்டுக்கு இது பொருந்தாது, பொருளுக்குப் பொருள் காரணி வேறு. 2022-23ஐ அடிப்படையாகக் கொண்ட அடுத்த வரிசைக்கு 2025 தொடக்கத்தில் பணிக்குழு அமைத்தார்கள். அதனால் இப்போது எந்த டெண்டர் ஆவணம் கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது விலைச் சரிக்கட்டல் பிரிவைத்தான். வரிசை மாறினால் எந்த ஆண்டில் ஒட்டுவது, காரணியை யார் சொல்வது என்று அதில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.