தாடை உடைந்தால் பல்லைப் பார்

கை ஒடிந்தால் மாவுக்கட்டுப் போட்டுத் தொங்கவிடலாம். தாடைக்கு அது சரிப்படாது. எச்சில் விழுங்கினாலே அசையும் எலும்பு அது. போதாததற்குக் கீழ்த்தாடை லாடம்போல் வளைந்து, இரண்டு காதுக்கும் முன்னால் மூட்டில் முடிகிறது. அதனால் இடது பக்கம் குத்து விழுந்தவருக்கு வலது பக்கமும் முறிந்திருக்கக்கூடும். தேடித்தான் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் கவனிக்க வேண்டியது மூச்சு. மோவாய் இரு பக்கமும் உடைந்துவிட்டால் நாக்குக்குப் பிடிமானம் போய்விடும். மல்லாக்கப் படுக்கவைத்தால் அது பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும்.

உடைந்த துண்டுகளை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? இதற்கு நல்ல அளவுகோல் வாய்க்குள்ளேயே இருக்கிறது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் விபத்துக்கு முன் எப்படிக் கடிபட்டனவோ, அப்படியே திரும்பவும் பொருந்த வேண்டும். கடிக்கும்போது இடையில் ஒரு தலைமுடி சிக்கினாலும் உணர்ந்துவிடும் பற்கள், எலும்பு சற்றே விலகிச் சேர்ந்தாலும் சும்மா இருக்காது. 1887இல் அமெரிக்க மருத்துவர் தாமஸ் கில்மர் இரு வரிசைப் பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார். இன்றும் அந்த முறை உண்டு. நாலைந்து வாரம் வாய்ப்பூட்டு, கஞ்சியும் சாறும்தான் சாப்பாடு. வாந்தி வந்தால் ஆபத்து என்பதால் கம்பி வெட்டும் கருவி ஒன்று நோயாளியின் பக்கத்திலேயே இருக்கும்.

1970களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் மாக்சிம் ஷாம்பி வேறு வழி காட்டினார். மெல்லுகையில் தாடையின் மேல்விளிம்பு இழுபடுகிறது, கீழ்விளிம்பு அழுந்துகிறது. இழுபடும் கோட்டில் சின்னத் தகடு ஒன்றைத் திருகினால் போதும். கோரைப்பற்களுக்கு இடையில் முறுக்கு விசையும் சேர்வதால் அங்கே மட்டும் இரண்டு. பெரும்பாலும் வாய்க்குள்ளேயே கீறிச் செய்வதால் முகத்தில் தழும்பும் இல்லை.

தொல்லைகள் இல்லாமலில்லை. பல் இருக்கும் இடத்தில் எலும்பு முறிந்தால் வாயிலுள்ள கிருமிகள் உள்ளே இறங்கும். திருகு தளர்ந்தாலோ, புகைப் பழக்கம் இருந்தாலோ சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும். தாடைக்குள் ஓடும் நரம்பு நசுங்கினால் கீழுதடு மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கும்.

குழந்தைகளின் கதை தனி. மோவாய் அடிபட விழும் குழந்தைக்குக் காதோர மூட்டெலும்பு உடையலாம். அங்கே கட்டி வைப்பதுதான் கேடு: அசையாத மூட்டு மண்டையோட்டு எலும்போடு ஒட்டிக்கொண்டால் வாய் திறக்காது, மோவாயும் வளராது. ஆகவே சீக்கிரமே வாயைத் திறந்து மூடும் பயிற்சி தருகிறார்கள். கிழிந்த மோவாய்க்குத் தையல் போடும்போதே, வாயைத் திறக்கச் சொல்லிக் காதுக்கு முன்னால் விரல் வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகும். அவசரத்தில் விட்டுப்போவதும் அதுதான்.