சட்டாம்பிள்ளையும் செல்போனும்

ஐந்து வகுப்பு; இரண்டு டீச்சர்!

விடுகதை அல்ல, வாசகிகளே. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கும் கணக்கு இது. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பள்ளிக்கூடத்தில் 60 குழந்தைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் என்கிறது சட்டம். தலைக்கு முப்பது குழந்தைகள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முப்பது பேரில் மூன்று வகுப்புக் குழந்தைகள் கலந்திருக்குமே! ஒருத்தி 'அ'னாவுக்குச் சுழி போட்டுக் கொண்டிருப்பாள். பக்கத்தில் ஒருவன் வகுத்தல் கணக்கில் மீதி எங்கே போயிற்று என்று தேடிக் கொண்டிருப்பான். மூன்றாவது பேர்வழியோ ஜன்னலுக்கு வெளியே மேயும் ஆட்டுக்குட்டியில் லயித்திருப்பான்.

அடுப்பில் பால் பொங்க, குக்கர் கூவ, வாசலில் கீரைக்காரி குரல் கொடுக்க, அத்தனையையும் இரண்டே கைகளால் சமாளிக்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த டீச்சரின் அவஸ்தையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு ஜாடி எங்கே, கரண்டி எங்கே என்று தேடாமல் இருந்தாலே பாதிச் சமையல் ஆன மாதிரி. வகுப்பறையிலும் அப்படித்தான்.

இந்தச் சங்கடம் நேற்று முளைத்ததும் அல்ல. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வாத்தியார் ஒருவர்தான். பிள்ளைகள் பல வயதினர். அதற்காக அவர் கண்டுபிடித்த யுக்திதான் சட்டாம்பிள்ளை! கற்றுக் கொண்ட பையன் கற்காத பையனுக்குச் சொல்லித் தருவான். காகிதமும் வேண்டாம், பலகையும் வேண்டாம். மணலைப் பரப்பி விரலால் எழுத வேண்டியது, அழிக்க வேண்டியது.

1789-இல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். மணலில் எழுதும் நம் ஊர்ப் பிள்ளைகளை வழியில் பார்த்தவர், இதையே நம் பள்ளியிலும் செய்தால் என்ன என்று நினைத்தார். அங்கிருந்த ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. பெல் பார்த்தார். ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்படைத்து விட்டார்! பையன் சாமர்த்தியமாக நடத்திக் காட்டினான். 1797-இல் பெல் லண்டனில் புத்தகம் போட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் அது பரவியது. அவர் பணத்தில் எழுந்த பள்ளி ஒன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே வழங்குகிறது. நம் சென்னையே பெயரை மாற்றிக் கொண்ட பிறகும் அவர்கள் விடவில்லை!

போன இடத்தில் அந்த முறை கொஞ்சம் கெட்டும் போயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடைக்கலாம் என்று கண்டதும், படிப்பு கிளிப்பிள்ளைப் பாடமாகி விட்டது. எந்தச் சாதனமும் டீச்சருக்குக் கை கொடுக்கிற வரையில் நல்லது. டீச்சரின் நாற்காலியிலேயே ஏறி உட்கார்ந்து கொண்டால் வம்பு.

சென்னை மறுபடியும் ஒரு பரிசோதனை செய்தது 2003-இல். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி பள்ளியைச் சேர்ந்தவர்கள், கிராமப் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாக்கி, ஏணிப்படி போல அடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பின்பற்றிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் ஆரம்பமாயிற்று. 2007-இல் அது மாநிலம் முழுவதும் பரவியது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. டீச்சரும் கீழே உட்கார்ந்தார். குழந்தை தானே போய்த் தன் அட்டையை எடுத்து, வேலையை முடித்து, அடுத்த படிக்குப் போகும்.

அதில் குறைகள் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, காணாமல் போயின. ஒரே படியில் மாதக்கணக்கில் நின்று விட்ட குழந்தையைக் கவனிக்கக் கண் போதவில்லை. பின்னால் முறை பலவாறு மாறிற்று. கொரோனாவினால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். குழந்தை எந்த வகுப்பு என்பதைவிட, எதுவரை கற்றிருக்கிறது என்று பார்த்துக் குழு பிரிப்பது. திட்டங்கள் வரும், போகும். ஆனால் அந்தப் பாய் வகுப்பறையில் சில சங்கதிகள் இருந்தனவே, அவை எந்தத் திட்டத்திலும் உதவக் கூடியவை.

முதலாவது, தாழ்ந்த கரும்பலகை. சுவரின் அடிப்பகுதியில், உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கு ஒரு கட்டமாகக் கறுப்பு வர்ணம் பூசி விடுவது. தன் பெயர் எழுதிய கட்டத்தில் குழந்தை எழுதும். அறை நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தால் போதும். யாருக்கு 'ழ' வரவில்லை என்பது டீச்சருக்குத் தெரிந்து விடும். முப்பது நோட்டுகளை வீட்டுக்குச் சுமந்து போக வேண்டாம்.

இரண்டாவது, கம்பிப் பந்தல். தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டி, குழந்தைகள் வரைந்ததை எல்லாம் துணி உலர்த்துகிற க்ளிப்பால் தொங்க விடுவது. கம்பிக்குப் பதில் கயிறும் போதும். கெட்டிக்காரர்களின் படம் மட்டுமே தொங்கினால் அது பந்தல் அல்ல, பரிசளிப்பு விழா. எல்லோருடையதும் தொங்க வேண்டும்.

மூன்றாவது, தானே போடும் வருகைப் பதிவு. கதவருகே ஓர் அட்டவணை. குழந்தை உள்ளே வரும்போது தன் பெயருக்கு நேரே ஒரு குறி போடும். பள்ளிப் பதிவேட்டை டீச்சர்தான் எழுத வேண்டும். ஆனால் பெயர் கூப்பிடும் நேரம் மிச்சம். தன் பெயரை அடையாளம் கண்டுபிடிப்பதுதான் பல குழந்தைகளுக்கு முதல் வாசிப்பு என்பதும் சின்ன லாபமல்ல.

சாமான்கள் விஷயத்தில் ஒரே விதிதான்: வார்த்தை படிக்கத் தெரியாத குழந்தைக்குப் படம் போட்டு வையுங்கள். கத்தரிக்கோல் டப்பாவில் கத்தரிக்கோல் படம், புளியங்கொட்டை டப்பாவில் ஒரு புளியங்கொட்டையே ஒட்டி விடலாம். எடுத்த குழந்தையே திரும்ப வைக்கும்.

இனி, செல்போன். அதைப் பற்றிப் பேசினாலே சிலர் முகம் சுளிக்கிறார்கள். சிலருக்கோ வாயெல்லாம் பல்! இரண்டும் வேண்டாம். ஒரு டீச்சர் கையில் ஒரு போன். இதுதான் பெரும்பாலான வகுப்பறைகளின் முதல். அதை வைத்துக் கொண்டு என்ன செய்யலாம்?

2018 முதல் தமிழ்நாட்டின் புதிய பாடப் புத்தகங்களில் சின்னக் கறுப்புக் கட்டம் கட்டமாகக் க்யூ.ஆர். குறி அச்சாயிற்று. போனைக் காட்டினால் பாடத்துக்கான படக்காட்சி வரும். ஆனால் உள்ளங்கை அளவுத் திரையைச் சுற்றி முப்பது தலைகள் நெருங்கினால், முன்னால் இருக்கிற நாலு பேருக்குத்தான் தரிசனம். ஆகவே ஆறு ஆறு பேராகக் கூப்பிட்டுக் காட்டி, மற்றவர்களுக்கு வேறு வேலை கொடுப்பது உத்தமம். வீட்டிலேயே இறக்கி, ஒரு தரம் தானும் பார்த்து விட்டு வருவது அதைவிட உத்தமம். வட்டம் சுற்றிக் கொண்டே இருக்கும் திரையை எதிரே வைத்துக் கொண்டு ஒரு வகுப்பை அமைதியாக வைத்திருக்க எந்த மகராசியாலும் முடியாது.

என்னைக் கேட்டால், சின்னப் போனுக்குப் படத்தைவிட ஒலிதான் பொருத்தம். கதையை முப்பது பேரும் சேர்ந்து கேட்கலாம். சத்தம் போதவில்லையா? காலிச் சொம்புக்குள் போனை நிறுத்தி வையுங்கள். எவர்சில்வரானால் கொஞ்சம் கணகணக்கும். பீங்கான் ஜாடி இதமாக இருக்கும். காசு செலவில்லாத ஒலிபெருக்கி!

எறும்பைப் படமெடுத்து இரண்டு விரலால் விரித்துக் காட்டினால், ஆறு காலையும் குழந்தைகள் எண்ணி விடுவார்கள். வேளை முடிந்ததைச் சொல்லப் போனில் மணி வைத்து விடலாம். டீச்சரிடம் "இன்னும் ரெண்டு நிமிஷம்!" என்று கெஞ்சுகிற பிள்ளைகள் மணியிடம் கெஞ்சுவதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய உபயோகம் ஒன்று உண்டு. சத்தம் போடுகிற பையனை யாரும் மறக்க முடியாது. அவன் விட மாட்டான். மறந்து போவது சத்தமே போடாத பெண் குழந்தையைத்தான். எல்லோரும் கோரஸாக ஒப்பிக்கும்போது அவள் உதடும் அசையும். ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் தெரியும், அவளுக்கு ஒரு வரி வாசிக்க வராது என்று. இதற்கு மாற்று, ஒரு பெயர்ப் பட்டியல். தினம் ஐந்து பேர். ஆளுக்கு மூன்று நிமிஷம் பக்கத்தில் உட்கார்த்தி வாசிக்கச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்து கொள்ளுங்கள். ஆறு பள்ளி நாட்களில் முப்பது பேரும் ஆயிற்று. இரண்டு மாதம் கழித்து அதே குழந்தைக்கு அதன் பழைய குரலைப் போட்டுக் காட்டிப் பாருங்கள். "நானா இப்படித் திக்கினேன்?" என்று அதுவே சிரிக்கும். அம்மா பள்ளிக்கு வரும்போது அவளுக்கும் போட்டுக் காட்டலாம். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்; பாவம், குழந்தையின் தடுமாற்றம் ஊருக்கு எதற்கு?

ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷம் டீச்சருக்கு மிஞ்ச வேண்டுமே! சமீப ஆண்டுகளாக வருகை, மதிப்பெண் என்று பலவற்றைப் போனில் ஏற்றும் வேலையும் அவர் தலையில்தான். அதைக் குறைப்பது அதிகாரிகள் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பது வேறு. பக்கத்துப் பள்ளி டீச்சரிடம் என்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். மூடியுள்ள டப்பா, துணி க்ளிப், பழைய கோலப்பாய் எதுவானாலும் ஆகும். பீரோவில் தூங்கும் பழைய செல்போன் இருந்தால், கதை கேட்கவாவது பயன்படும். கொடுப்பதற்கு முன் அதிலுள்ள உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களையும் பாங்க் சமாசாரங்களையும் அழித்து, சிம் கார்டை எடுத்து விட்டு, சார்ஜரையும் சேர்த்துக் கொடுங்கள்.