கடல் கடந்தால் தேயும் பணம்

கடல் கடந்து செல்வோர் பணத்தை எவ்வாறு கொண்டுசெல்வது என்பது பழைய கவலை. மடியில் முடிந்துகொண்டு போனால் கள்வர் பயம்; வங்கி தந்த கடிதத்தைக் கொண்டுபோனால், பெருநகரங்களுக்கு அப்பால் அதனை மதிப்பார் இல்லை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கொம்பனியின் தலைவராயிருந்த பார்கோ என்பவரே ஐரோப்பாவில் இந்த இடர்ப்பாட்டை அனுபவித்தார் என்பர். அதன் பயனாக 1891ஆம் ஆண்டில் அக்கொம்பனி பிரயாணிகள் காசோலையை வெளியிட்டது. இன்று அக்காசோலையின் இடத்தை அட்டை பிடித்துக்கொண்டது. கள்வர் பயம் குறைந்ததே தவிர, பணம் தேய்வது நிற்கவில்லை.

நியூயோர்க் வாசி ஒருவர் பாரிஸ் நகரத்து ஹோட்டலிற் கணக்குத் தீர்க்க அட்டையை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு யூரோவில், அவருடைய வங்கிக் கணக்கோ டொலரில். விசா, மாஸ்டர்கார்ட் போன்ற நிறுவனங்களின் வழியாக ஒரு நாணயம் மற்றொன்றாக மாற்றப்படுகிறது. அவற்றின் மாற்று வீதம் பெரும்பாலும் நியாயமானதே. விமான நிலையத்து நாணயமாற்றுக் கடை தருவதிலும் நல்லது. தேய்வு அதற்குப் பின்னரே நிகழ்கிறது. அட்டையை வழங்கிய வங்கி, வெளிநாட்டுக் கொடுப்பனவுக் கட்டணம் என ஒன்றைச் சேர்க்கிறது. அமெரிக்க அட்டைகள் பலவற்றில் இது 3 சதவீதம். ஒரு குடும்பம் 5,000 டொலர் செலவு செய்தால் 150 டொலர் இவ்வாறு போய்விடும். முற்காலத்தில் இக்கட்டணம் மாற்று வீதத்துக்குள் மறைந்திருந்தமையால், அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. இதுபற்றி அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கு, 2006இல் 336 மில்லியன் டொலர் கொடுக்கும் இணக்கத்துடன் முடிந்தது.

இக்கட்டணம் இல்லாத அட்டைகளும் உள. கேபிட்டல் வன் வங்கி அமெரிக்காவில் வழங்கும் கடனட்டைகள் அத்தகையன. ஆயினும் சில அட்டைகள் இச்சலுகையை ஆண்டுச் சந்தாவுக்கு ஈடாகவே தருகின்றன. சந்தா 90 டொலரானால், ஆண்டுக்கு 3,000 டொலருக்கு மேல் வெளிநாட்டிற் செலவு செய்பவருக்கே அது இலாபம். ஒருமுறை போய்வருபவர் சந்தா இல்லாததைத் தேடுவதே புத்தி.

நல்ல அட்டையைத் தேர்ந்தவரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஹோட்டற் சிப்பந்தி புன்முறுவலுடன், "டொலரிற் செலுத்துகிறீர்களா, யூரோவிலா?" என்று வினவுவார். தமக்குப் பழகிய நாணயத்திற் கணக்கைக் கண்டதும் பிரயாணிக்கு ஒரு நிம்மதி. டொலர் என்று கூறிவிடுவார். அக்கணமே நாணயத்தை மாற்றும் பொறுப்பு கடைக்காரரின் பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. அது தன் விருப்பப்படி வீதத்தை உயர்த்திக்கொள்ளும். அந்த இலாபத்திற் கடைக்காரருக்கும் பங்கு கிடைப்பதுண்டு. கட்டணமில்லா அட்டையின் பயன் அங்கே பாழாகிறது. இன்னும் வேடிக்கை, கணக்கு டொலரில் இருந்தபோதிலும் கடை வெளிநாட்டது என்ற காரணத்தால் சில வங்கிகள் தமது கட்டணத்தையும் அறவிடுகின்றன. பிரயாணி இரண்டு முறை இழக்கிறார்! ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரில் முதல், இத்தகைய மாற்றத்துக்கான மேலதிக வீதத்தை ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதத்தோடு ஒப்பிட்டுச் சதவீதமாகக் காட்டவேண்டும் என்பது சட்டம். ஆனால், வரிசையில் நிற்பவர் அந்தச் சிறிய எழுத்துக்களை வாசிப்பது அரிது. எந்த நாட்டில் நிற்கிறாரோ அந்த நாட்டு நாணயத்தையே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

பணப்பொறியும் இதே வினாவை எழுப்பும், விடையும் அதுவே. அங்கே கடனட்டையைப் பயன்படுத்தினால், எடுத்த நாள் முதலே வட்டி ஏறுவது வழக்கம். ஆகவே பணமாக எடுப்பதற்கு வரவட்டையே ஏற்றது. பொறிக்குரிய வங்கி ஒவ்வொரு தடவையும் தன் கூலியை வாங்குமாயின், சிறிது சிறிதாகப் பலமுறை எடுப்பதைவிட ஒரே முறையில் எடுப்பது மேல். வீட்டைவிட்டு நகராமலே, பிறநாட்டுக் கடையொன்றில் இணையத்தின் மூலம் புத்தகம் வாங்குபவரிடமும் அந்த 3 சதவீதம் அறவிடப்படலாம்.